தூக்கிய கை

வலது கை. விரல்கள் விரிந்து, முழங்கை நிமிர்ந்து, ஆகாசத்தைப் பார்த்து நின்ற கை. நாகர்கோவிலில் அந்தக் கல்லூரி மைதானத்தின் தெற்குக் கோல் பக்கம், மழை விட்டுச் சேறாகக் கிடந்த புல்லில், எங்கள் கேப்டன் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் நின்ற நேரத்தில் எதிரணிக்காரன் ஒருத்தன் பந்தை உருட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் கோல் அடித்தான். கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்து இறுதி ஆட்டம் அதோடு முடிந்தது. எத்தனையோ ஆட்டம் பார்த்தாயிற்று. கண்ணை மூடினால் வருவது அந்தக் கை மட்டும்தான்.

‘எங்கள் கேப்டன்’ என்று எழுதுகிறேனே தவிர, நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆறாம் வகுப்போடு புத்தகத்தை விட்டவன். தக்கலையில் ஒரு லாரியில் கிளீனராக ஏறி, அங்கிருந்து டிரைவராகி, இன்றைக்குப் பதினொரு லாரிக்கு முதலாளியாக இருக்கிறேன். ஒருத்தன் கையைப் பிடித்து நான் மேலே வரவில்லை. தக்கலையிலிருந்து கருங்கல் வரை எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் என் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். படித்தவர்கள் நாலு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

கிளீனராக இருந்த காலத்தில், வாழைக்குலை இறக்குவதற்கு எங்கள் வண்டி அந்த மைதானத்தை ஒட்டித்தான் நிற்கும். இறக்குகூலிக்காரர்கள் வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். இடிந்த மதில் வழியாக உள்ளே போய் நின்று ஆட்டம் பார்த்தேன். முதல் நாளே பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு ஒரு சீசனையும் விட்டதில்லை. சொந்தமாக லாரி வாங்கியதும், வெளியூர் ஆட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போக இலவசமாக ஒரு வண்டி விட்டேன். கல்லூரிக்குள் எனக்கு ஒரு பெஞ்சு கிடைக்கவில்லை. மைதானத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி போடுகிறார்கள், இன்றைக்கும். என் மகனை அந்தக் கல்லூரியில்தான் சேர்த்தேன். அவனுக்குப் பந்து என்றாலே பிடிக்காது.

கேப்டன் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். மணலில் ஓடிப் பழகிய கால். நடுவில் நின்று தடுக்கிற ஆட்டம் அவருடையது. பந்தைப் பார்க்க மாட்டார், ஆளைத்தான் பார்ப்பார். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவனுக்கே தெரிவதற்கு முன்னால் இவருக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து எல்லாருமாக டீக்கடைக்குப் போனால், “அண்ணாச்சி, இன்னைக்கு வண்டியில என்ன லோடு?” என்று என்னிடம் கேட்பார். அணியில் வேறு யாரும் என்னிடம் பேசியது இல்லை. எண்ணெய்ச் சட்டையோடு நிற்கிறவனிடம் என்ன பேச்சு இருக்கிறது அவர்களுக்கு?

இறுதி ஆட்டத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு அரசு நிறுவனத்து அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள். எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க வேலை. கேப்டனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று மைதானம் முழுக்கப் பேச்சு. அவர் வீட்டில் இரண்டு தங்கைகள். அப்பாவுக்குக் கடலுக்குப் போக முடியாமல் ஆகியிருந்தது.

என் கழுத்தில் விசில் கிடந்தது. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பின்னால் நின்று ஊதுகிற விசில். அதை மைதானத்துக்குள் கொண்டுவராதே என்று விளையாட்டு ஆசிரியர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் கழற்றவில்லை. கிளீனருக்கு விசில் என்றால் போலீஸ்காரனுக்குத் தொப்பி மாதிரி. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் நம் தடுப்பு ஆட்களை முந்திப் போய் நின்றுகொண்டு பந்தை வாங்கினான். ஆப்சைடு. என் கண்ணுக்கு நூற்றுக்கு நூறு ஆப்சைடு, ஆட்டத்தை நிறுத்தவேண்டிய தப்பு. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. வண்டி பின்னால் சுவரில் முட்டப்போகிறது என்றால் கிளீனரின் கை யோசித்துக்கொண்டிருக்காது. தெற்குக் கோலை ஒட்டி நின்ற நான் ஊதிவிட்டேன்.

கேப்டன் கையைத் தூக்கி நின்றார். அடுத்து நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்தக் கூச்சலில் ரெபரிக்கு விசில் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்து போய் வண்டியில் ஏறிவிட்டேன். வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. ஓடவேண்டிய நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனை எவன் எடுப்பான்? ஊரில் அவருக்குக் ‘கைதூக்கி’ என்று பெயர் விழுந்தது. கொஞ்ச நாள் அடுத்தவர் வள்ளத்தில் கடலுக்குப் போனார், கொஞ்ச நாள் வலைக்கடையில் நின்றார். ஆறேழு வருடம் கழித்து, கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அப்போது எனக்கு மூன்று லாரி. அன்றைக்கே கூட்டிவந்து என் ஆபீசில் உட்காரவைத்தேன்.

முதல் நாள் டிரைவர் ஒருத்தன் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, “கைதூக்கி வந்தாச்சாக்கும்” என்றான். கேப்டன் சிரித்துக்கொண்டே, “ஒரு கைதாம்டே தூக்குனேன். நீ ரெண்டையும் தூக்கிட்டு எப்பிடி வண்டி ஓட்டுவ?” என்றார். அதற்குப் பிறகு அந்த ஆபீசில் எவனும் கையைத் தூக்கவில்லை.

ஆபீஸ் ஓடியதே அவரால்தான். எந்த வண்டி எந்த லோடுக்கு, எந்த டிரைவர் எந்த வழிக்கு, எல்லாம் அவர் முடிவு. காலையில் சாவி வாங்க வருகிறவனை, மைதானத்தில் எதிரே வருகிறவனைப் பார்த்த மாதிரியே பார்ப்பார். ஒரு நாள் என் சொந்த அக்காள் மகனுக்கே சாவி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் கோபப்பட்டேன். “ஆளு மோசமில்ல அண்ணாச்சி. இன்னைக்கு அவனுக்க கண்ணு சரியில்ல. நாளைக்குத் தாறேன்” என்றார். மறுநாள்தான் அக்காள் சொன்னாள், இரண்டு நாளாக அவனுக்கு உறக்கமே இல்லை என்று. என் வண்டிகள் பெரிய விபத்தில் மாட்டியதில்லை என்று நான் பெருமை பேசாத இடம் கிடையாது. அதைச் செய்தது யார் என்று சேர்த்துச் சொன்னதில்லை. எல்லாரும் என்னை முதலாளி என்றார்கள். அவருக்கு மட்டும் நான் கடைசிவரை அண்ணாச்சிதான். சாயங்காலம் ஆட்டம் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டோம்.

இப்படி இருபத்தெட்டு வருடம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஈரல் போய்விட்டது என்றார்கள். இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது என்று ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். அவர் மனைவி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது. அன்றைக்கு விசில் ஊதியது நான்தான், அதைக் கேட்டுத்தான் நீர் நின்றீர், உமக்கு வேலை போனது என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கேப்டன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“விசிலா? நான் விசிலொண்ணும் கேக்கல்ல அண்ணாச்சி. ஆப்சைடாக்கும்னு நெனச்சு நானாத்தான் கையத் தூக்குனேன். லைன்ஸ்மேன் கொடி காட்டுவான்னு நின்னுட்டேன். நின்னுருக்கப்பிடாது. அது எனக்க தப்பு.”

எனக்கு ஆசுவாசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இத்தனை வருடம் நெஞ்சில் சுமந்த ஒன்றை, அது உன் சுமையே இல்லை என்று ஒருத்தன் இறக்கி வைத்தால், அந்த இடம் மரத்துத்தான் கிடக்கிறது. அவர் எனக்காகச் சொன்னாரோ என்றும் யோசித்துப் பார்த்தேன். அவர் அப்படிப் பொய் சொல்கிற ஆள் இல்லை. சாயாவை எடுத்துக் குடித்தேன். அப்போதுதான் அவர் கேட்டார்.

“அப்பம், அதுக்காக்கும் எனக்கு வேல தந்தது, இல்லியா?”

சாயா கிளாசைக் கீழே வைத்தேன்.

“எனக்க வேல நல்லாருக்குன்னு வச்சிருக்கீருன்னுல்லா நான் நெனச்சேன்.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. லோடு மாறிப்போன விஷயத்தைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கத்துக்கு எடுத்துப்போகும்போது, பழைய ஆட்டக்காரர்கள் நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். என் லாரிகள் பதினொன்றையும் அன்றைக்கு நிறுத்திவிட்டேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலாளி இல்லை என்றால் எங்கள் குடும்பம் எங்கே போயிருக்கும் என்றாள். அழுகை வருமென்று நினைத்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இந்த சீசனும் போகிறேன். மதிலை எப்போதோ உயர்த்திக் கட்டிவிட்டார்கள், உட்கார்ந்து பார்க்கக் காலரி வந்துவிட்டது. போன வாரம் எங்கள் அணி மூன்று கோலில் தோற்றது. யார் அடித்தது, எப்படி அடித்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. ஆபீசில் இப்போது எம்.பி.ஏ. படித்த ஒருத்தன் இருக்கிறான். கெட்டிக்காரன். சாவி கொடுக்கும்போது கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறான். போன மாதம் ஒரு வண்டி தக்கலை வளைவில் பாலச்சுவரில் இடித்துவிட்டது. நல்லவேளை, டிரைவருக்குக் கால் முறிவோடு போயிற்று.

கேப்டன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. முதல் ஒரு மாதம் அதற்காகத்தான் வைத்திருந்தேன். அதற்கப்புறம் இல்லை. அதற்கப்புறம் அவர் ஒரு நாள் லீவு போட்டால் நான் ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் போனேன். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, டயரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன்.