எடுக்கக் கூடாத ஃபோன்

ஏழாம் வகுப்பில் எங்கள் ஆங்கில டீச்சர் ஆளுக்கொரு வினைச்சொல்லைக் கொடுத்து, அது எங்கே பிறந்தது, அதற்கு எத்தனை அர்த்தம் என்று எழுதிவரச் சொன்னார். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் அவரவர் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் வேண்டும். எனக்கு வந்தது 'மிஸ்'. பக்கத்து பெஞ்சுக்காரிக்கு 'ஈட்'. கொடுத்துவைத்தவள்.

'மிஸ்' எனக்குப் புதிதில்லை. எங்கள் வீடே ஒரு மிஸ்டு காலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாக்பூரில் முறுக்குப் போடுகிற இடத்தில் வேலை பார்த்தார். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும்தான் வருவார். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரே ஒரு ரிங். நல்லா இருக்கேன் என்று அதற்கு அர்த்தம். எடுத்தால் காசு போகும் என்பதால் எடுக்கவே கூடாது. வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் எடுக்கலாம். எங்கள் ஊரான பரவையில் தெரு முழுக்க இதே சட்டம்தான். இப்போது என் மகனிடம் சொன்னால் ராஜா காலத்துக் கதையைப் போலக் கேட்கிறான்.

டீச்சர் கொடுத்த அட்டை கிழிந்த அகராதியில் அந்தச் சொல்லின் பூர்வீகம் இருந்தது. ஆதியில் எய்தது குறி தவறுவதற்குத்தான் அந்தச் சொல்லாம். வண்டியும் வாய்ப்பும் தவறியதெல்லாம் அப்புறம். ஒருவர் பக்கத்தில் இல்லையே என்று மனசு தேடுவதும் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. குறி தவறிய அம்பு எந்த வழியாக மனசுக்குள் வந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் அர்த்தத்துக்குத் தம்பி புளியங்காயைப் பார்த்து எறிந்த கல் இருந்தது. இரண்டாவதற்கு நான் கோட்டைவிட்ட டவுன்பஸ். மூன்றாவதற்கு மட்டும் வீட்டில் ஒன்றுமே அகப்படவில்லை. அம்மாவிடம் கேட்டேன். மார்க்கெட்டில் நாளெல்லாம் தக்காளி தரம் பிரித்துவிட்டு வந்து அடுப்பு முன்னால் நின்றவள், "அதுக்கெல்லாம் இங்க யாருக்கு நேரமிருக்கு? ஒங்கப்பாவக் கேளு" என்றாள்.

கேட்கத் துணிந்துவிட்டேன். மறுநாள் ஏழு மணிக்கு டிவி மேலிருந்த ஃபோன் அடித்தபோது அம்மா கொல்லையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"என்னடி ஆச்சு?" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதேயில்லை. "அப்பா" என்றேன். ரிங் விடுகிற அளவுக்குத்தான் அவர் ஃபோனில் காசு இருந்திருக்கும். கட்டாகிவிட்டது.

அம்மா வந்து திரையைப் பார்த்தாள். எடுத்த ஃபோன் அங்கே மிஸ்டு காலாகத் தெரியாது. "இன்னும் அடிக்கலையா?" என்றாள். நான் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலமும் ரிங் இல்லை. அம்மா கடைக்கு ஓடிப்போய்க் காசு ஏற்றிக்கொண்டு வந்து அப்பாவைக் கூப்பிட்டாள். யாரோ ஒரு பெண் இந்தியில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அவளிடமே, "தாயி, அந்த மனுசன் நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லும்மா" என்று கெஞ்சினாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் அப்பா நின்றார். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை, கையில் ஒரு பை கூட இல்லை. தம்பி, நான், அம்மா என்று அவர் கண் ஒவ்வொருவராகத் தொட்டு வந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் அம்மா.

ஃபோனை எடுத்ததுமே கெட்ட சேதி என்று நினைத்து, நின்ற நிலையிலேயே கிளம்பி ரயிலேறியிருக்கிறார். வழியில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. எல்லாம் வெளியே வந்தது. அம்மா விளக்குமாற்றால் எனக்கு நாலு சாத்தினாள். அந்தச் சூட்டோடு தம்பியைக் கோழிக்கறி வாங்க விரட்டினாள்.

அன்று ஏழு மணிக்கு அம்மாவின் கண் தன்னால் டிவி மேலே போனது. அப்பா அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே தன் ஃபோனிலிருந்து ஒரு ரிங் விட்டார். அம்மா எடுக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து என் மூன்றாம் அர்த்தத்தைக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்லத்தா. முறுக்கு சுடவே நேரம் பத்தல" என்றார்.

ஆகவே நோட்டில் நேர்மையாக எழுதினேன்: இதற்கு எங்கள் வீட்டில் உதாரணம் இல்லை. டீச்சர் அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் சுழித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நாலு நாள் இருந்துவிட்டு அப்பா கிளம்பிப் போனார். பழையபடி ஏழு மணிக்கு ஒரு ரிங் வந்தது. அடுத்த வாரம் ஒருநாள் அந்த ரிங் அடித்து ஓய்ந்ததும், தட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

"ஏத்தா, ஒங்க டீச்சரு அடுத்த வார்த்தை இன்னும் குடுக்கலையா?"

என் படிப்பில் அம்மாவுக்குத் திடீரென்று வந்த அக்கறை எனக்கு எரிச்சலாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.