டீசல் தாங்கியில் நான் போட்ட முடிச்சு

கினிகத்தேனைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். மழை ஓயாத ஊர். ஜெனரேட்டரின் டீசல் தாங்கிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று தோட்டத்து மேனேஜர் தொரை ஏசினார். தாங்கியின் காற்றுக்குழாய் மேல் பால்மா டின்னைக் கவிழ்த்து, டயர் ட்யூப்பால் இறுக்கிக் கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பகலில், தாங்கியை ஒட்டி அடுக்கியிருந்த விறகு அட்டி தீப்பிடித்தது. எல்லோரும் நெருப்பில் தண்ணீர் ஊற்றினோம். மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் செல்வராசு மட்டும் கத்தினார்.

"வெறகு எரியட்டும், டாங்கி மேல ஊத்துங்க! டீசல் இல்லாத மேல்பாதிதான் மொதல்ல சூடேறும்."

தாங்கியின் தட்டையான முனை வெளியே உப்பியிருந்தது. உள்ளே பெருகிய ஆவிக்கு வழியில்லை. அவர் மேலே பார்த்தார்.

"கொழாய்ல டின்ன கட்டுனது எவன்டா?"

பக்கத்தில் நின்ற நான் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினேன். அவரே ஏணியில் ஏறி ட்யூப்பை அறுத்தார். டின் தெறித்தது, ஆவி சீறியது. காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் அது பற்றவில்லை. அவருடைய வலது கை மணிக்கட்டு வரை வெந்தது.

ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னேன்.

"அறுக்கிறப்பவே தெரியும் ஐயா. நீங்க பைலுக்குப் போடுற ரெட்டை முடிச்சு" என்று சிரித்தார். "தொரைகிட்ட யாருன்னு தெரியலன்னுட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே தோன்றவில்லை. அவருடைய லீவு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'விபத்து' என்று எழுதினேன். கையெழுத்துப் போட முடியாதவரின் இடது பெருவிரலைப் பிடித்து அதன் கீழே அழுத்தினேன்.

அந்த ஒரு சொல்லைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.