மூன்று மணி நேர்காணலும் பிரித்துப்போட்ட லேப்டாப்பும்

ஓடுகிற பொருளிலிருந்து வேண்டாத சத்தம் வந்தால் பட்டன் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. மிக்ஸி, மின்விசிறி, எதிர்வீட்டு அழைப்பு மணி என்று அவள் திருகாணி கழற்றாத பொருள் அந்தத் தெருவில் குறைவு. சட்டைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பொத்தான் தைத்தவள், அதனால் அந்தப் பெயர். இப்போது வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது என்று நாளை ஓட்டுகிறாள். பிரித்ததைப் பழையபடி சேர்க்காமல் அவள் விட்டதில்லை, அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

கூடவே இருக்கும் நாத்தனாருக்கு வேலை போய் ஏழு மாதம். அனுப்பிய விண்ணப்பங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பதில் வந்திருந்தது. அன்று மூன்று மணிக்கு லேப்டாப்பில் நேர்காணல். பேசிக்கொண்டே திரையில் ஒரு பட்டியலைத் திருத்தியும் காட்ட வேண்டுமாம், செல்போனில் ஆகாது. காலையில் லேப்டாப் போட்ட இரைச்சலைக் கேட்டு, "நான் பேசுறது எங்க கேக்கப்போகுது, இது கத்துறதுதான் கேக்கும்" என்று அலுத்துக்கொண்டு, பழைய ஆபீசில் அனுபவச் சான்றிதழ் வாங்கக் கிளம்பிப்போனாள்.

அவள் தெரு முனையைத் தாண்டியிருக்க மாட்டாள். அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள்.

கழற்றிய திருகாணிகள் பன்னிரண்டையும் இடது மணிக்கட்டில் இருந்த வட்டக் காந்தத்தில் ஒட்டவைத்தாள். குண்டூசிகளுக்காக வாட்ச் மாதிரி கட்டிக்கொள்வது அது. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். உள்ளே விசிறியை அடைத்துக்கொண்டு நீலமும் சாம்பலுமாகப் பஞ்சு. வேறென்ன, அவள் வருடம் முழுக்க வெட்டிய துணிகளின் பிசிறுதான். மனசு சுருக்கென்றது. பிரஷ்ஷால் பதமாகத் தட்டி எடுத்து, மூடி, நிமிர்த்திவைத்து, பொத்தானை அழுத்தினாள்.

ஓரத்து விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டியது. விசிறி ஒரு மூச்சு விட்டது. பிறகு எல்லாம் அடங்கிப்போனது.

மணி பன்னிரண்டேகால்.

சார்ஜரைப் பிடுங்கிச் செருகினாள். சமையலறை ப்ளக்கில் போட்டாள். மறுபடி திறந்து, பேட்டரி வயரையும் மெமரிக் கட்டையையும் எடுத்துத் திரும்ப அழுத்தி மூடினாள். ஒவ்வொரு முறையும் இடது கையைத் துணி மேல் பரப்புவது போல விசைப்பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, வலது விரலால் அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அதே சிமிட்டல், அதே அடக்கம். ஒன்றரை மணிக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். செல்போனை ஸ்பீக்கரில் போட்டுச் செல்கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"லைட் வருதாக்கா?"

"வந்து வந்து போவுது."

"யாராவது திறந்தாங்களா?"

"...நான்தான்."

"ஏங்க்கா, இடுப்பு பிரிக்கிற மாதிரியா இதையும் பிரிச்சீங்க?"

"நக்கல் அப்புறம் பண்ணு தம்பி. மூணு மணிக்கு வேணும்."

"கடையில கூட்டம், நகர முடியாது. பொத்தானை அரை நிமிஷம் விடாம அழுத்திப் பாருங்க. வரலைன்னா போர்டு அடிவாங்கியிருக்கும். நாலு நாளாவது ஆகும்."

முப்பது எண்ணும்வரை அழுத்தினாள், விட்டு மறுபடி அழுத்தினாள். சிமிட்டல், அடக்கம். நாலு நாள். ஏழு மாதமாக நாத்தனார் கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பதில் சொல்லிப் பழகியது காதில் ஓடியது. பக்கத்து வீடுகளில் லேப்டாப் கேட்டாள். இரண்டு வீடு பூட்டு. மூன்றாவதில் பிள்ளைகள் போட்டு உடைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்வதா, தானாக நின்றுபோனதென்று சமாளிப்பதா? இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

இரண்டு இருபதுக்கு நாத்தனார் வந்தாள்.

"நான் ஒண்ணு பண்ணிட்டேன்," என்றாள் அக்கா, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள். "சத்தத்தை நிறுத்தலாம்னு திறந்தேன். உயிரே வரலை."

நாத்தனார் முகம் வெளுத்தது. வந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். விளக்கு வந்தது. திரை வந்தது. இரைச்சல்தான் இல்லை.

"என்ன அண்ணி, நல்லாத்தானே இருக்கு."

"எங்க காட்டு," என்று அக்கா இடது கையை ஊன்றிக் குனிந்தாள். திரை செத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா சுவரோரமாகப் போய் நின்றாள். நாத்தனார் அழுத்தினாள், வந்தது. "இப்ப மெதுவா வாங்க," என்று கூப்பிட்டு, அவள் கையைப் பிடித்து விசைப்பலகை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். இடது மூலைக்கு வந்ததும் இருட்டு.

"இந்தக் காந்தம்தான். திரை ஓரத்துக்குள்ள இதே மாதிரி ஒண்ணு இருக்கு. மூடினா அது இங்க வந்து படும், லேப்டாப் தூங்கிடும். உங்க கை வந்தா, மூடிட்டாங்கன்னு நினைச்சுக்குது."

"ரெண்டு மணி நேரமா நானேதான் தூங்க வச்சிட்டிருந்தேனா?"

"தாலாட்டு ஒண்ணுதான் பாடலை நீங்க."

அக்கா காந்தத்தைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. மூன்று மணிக்கு முன்னறைக் கதவு சாத்தப்பட்டதும் வாசலில் காவல் நின்றாள். பேன்ட் வாங்க வந்தவரை வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினாள். உள்ளே நாத்தனாரின் குரல் ஒவ்வொரு முறை நிற்கும்போதும், கேள்வி கேட்கிறார்களா, லேப்டாப் நின்றுவிட்டதா என்று கதவில் காதை வைத்தாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"பட்டியலைத் திருத்திக் காட்டிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் பேசுறாராம்."

அக்கா அவளைத் தாண்டி மேசையைப் பார்த்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது.

"அதுவரைக்கும் இதை அணைக்காமலேயே வச்சிருக்கலாமா?" என்று கேட்டாள்.