வைஃபை கார்டும் குண்டு பல்பும்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மணி சரியாக நினைவிருப்பதற்குக் காரணம், கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில் மணிக்குப் பக்கத்திலேயே அந்தச் சின்னக் குறியும் இருக்கும். விசிறி போல விரிந்திருக்க வேண்டிய குறியைக் காணோம். அதன் இடத்தில் ஒரு உருண்டையும் பெருக்கல் குறியும். இணையம் இல்லை. ஐந்து மணிக்குள் என் மகளின் கல்லூரி விருப்பப் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போதும் சுவர்க்கடிகாரம் இரண்டைத் தாண்டினால் போய் அந்தக் குறியை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

கால்நடை மருத்துவப் படிப்புக்கு அவளுக்கு ஓரளவு நல்ல இடம் தரவரிசையில் கிடைத்திருந்தது. எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகக் குறித்து, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்திப் பூட்ட வேண்டும். பூட்டாத பட்டியலை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவிப்பில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் முதல் நாளே பட்டியலைப் போட்டுவிட்டாள். சென்னை முதலில், நாமக்கல் இரண்டாவது. பூட்ட விடாமல் இழுத்தடித்தது நான். நாமக்கல் என்றால் காலையில் பஸ் ஏறி மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சென்னை என்றால் அப்படி முடியாது. இதை நான் நேராகச் சொல்லவில்லை. "கடைசி நாள் வரைக்கும் யோசிக்கலாம் கண்ணு, அவசரம் என்ன?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரியாமல் இல்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கண்ணாடி மாற்றுவதற்காகக் கோவைக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள் மதியம் ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவதாக ஏற்பாடு. ஒன்றாக உட்கார்ந்து பூட்டுவோம் என்று பேச்சு. ஒன்றேகாலுக்கு மேட்டுப்பாளையம் தாண்டி மலை அடிவாரத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, பர்லியாருகிட்ட மரம் விழுந்திருச்சாமா. வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. எப்ப விடுவாங்கன்னு தெரியலீங்க."

"உன்ற போன்லயே போட்டுர முடியாதா?"

"இங்க சிக்னல் கட்டமே வரமாட்டேங்குதுப்பா. மேல ஏறுனா சுத்தமாப் போயிரும். நான் வராட்டி நீங்களே பூட்டீருங்க. பாஸ்வேர்டு எல்லாம் கெமிஸ்ட்ரி நோட்டுக் கடைசிப் பக்கத்துல இருக்குது."

அதோடு துண்டாகிவிட்டது. வீட்டிலுள்ள ஒரே டச் போன் அது. என்னிடம் இருப்பது பொத்தான் போன். ஜெகதளாவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற எங்கள் குவார்ட்டர்ஸில் அதற்கே ஒழுங்காகச் சிக்னல் கிடையாது. ஆனால் எனக்கு அப்போது பயமே வரவில்லை. கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே.

அந்தக் கம்ப்யூட்டர் எஸ்டேட் ஆபீஸில் கழித்துக்கட்டியது. இலை எடை போடும் கிளார்க் என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். இணைய ஒயர் எங்கள் வீடு வரை வராது. தேயிலைக்குள் கம்பம் நட எஸ்டேட் சம்மதிக்கவில்லை. மேட்டில் சொந்த வீட்டில் இருக்கிற படகர் சமூகத்து டீச்சர் இணைப்பு வாங்கியிருந்தார். "ஒயரு வேணாம், காத்துலயே எடுத்துக்கோங்க" என்று தன் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். போன் அதைப் பிடித்தது. பழைய கம்ப்யூட்டரில் அதற்கு வழியில்லை. அதனால் குன்னூர்க் கடைவீதியில் ஒரு வைஃபை கார்டு வாங்கி வந்து, முந்தைய ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் சேர்ந்து மாட்டினோம். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பின்னால் ஒரு சின்னத் தகட்டைப் பெயர்த்து, அந்த இடத்தில் கார்டை உள்ளே வைத்து, "டக்" என்று உட்காரும் வரை அழுத்தினோம். வெளியே இரண்டு ஆன்டெனாக் கொம்புகளைத் திருகினோம். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததை ஏற்றியதும் டீச்சர் வீட்டு வைஃபையின் பெயர் திரையில் வந்தது. அவள் கை தட்டினாள். நான் அன்று முழுக்க ஒரு இன்ஜினியரைப் போல நடந்துகொண்டேன்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் மேஜை மேலேயே இருந்தது. அதுதான் வழக்கமில்லாத விஷயம். எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் எதையும் வெளியே விட்டு வைக்க முடியாது. செருப்பு, பெல்ட், புத்தகம், சர்ட்டிபிகேட் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம் ஏறிவிடும். அதனால் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு எப்போதும் எரியவிடுவோம். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. போன வருஷம் ஈரத்தில் இந்தக் கம்ப்யூட்டர் ஒரு முறை செத்துப் பிழைத்தது. பிறகு பீரோவின் பின்பக்கம் ஓட்டை போட்டு ஒயர்களை வெளியே எடுத்து, பெட்டியைக் கீழ்த்தட்டில் பல்புக்கு அடியில் வைத்துவிட்டேன். திரையும் கீபோர்டும் மட்டும் வெளியே ஸ்டூல் மேல்.

மகள் கூப்பிட்டு முடித்த அரை மணி நேரத்தில் மஞ்சு, அதுதான் எங்கள் பக்கத்து மூடுபனி, ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பெட்டியின் மேல் விரலால் தடவினால் கோடு விழுந்தது. இந்த நேரத்தில் இது கெட்டுப்போனால் என்னாவது என்று பதறி, தூக்கிக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்தேன். பின்சுவரில் இடித்த கொம்புகள் இரண்டையும் மடக்கினேன். ஒயர்களை மாட்டி, பல்பு எரிவதைப் பார்த்து, கதவை அழுத்திச் சாத்தினேன். பத்திரமாக வைத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு திரையைப் போட்டபோதுதான் அந்தப் பெருக்கல் குறி.

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறை போட்டபோது குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டே போட்டேன். டீச்சர் வீட்டுப் பெயர் பட்டியலிலேயே இல்லை.

அவர்கள் வீட்டில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து மேட்டுக்கு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது, டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வர ஐந்து மணியாகும். ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் என் கார்டு போய்விட்டது.

இறங்கும்போது நடைபாதையில் காட்டெருமை ஒன்று நின்றது. தினமும் பார்ப்பதுதான், அதுவாக நகரும் வரை நாம் நிற்க வேண்டும். நின்றேன். அது ஒரு செடியைக் கடித்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கடித்தது. என் வாழ்க்கையில் ஒரு மிருகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குள் வந்தபோது மூன்றேகால். நாலு மணி பஸ்ஸைப் பிடித்துக் குன்னூர் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கலாம். கூட்டம் இல்லையென்றால் நேரம் இருந்திருக்கும். ஆனால் கார்டைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று மனசு சொன்னது. ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் இன்னும் எனக்குள் உட்கார்ந்திருந்தார்.

பெட்டியைப் பீரோவிலிருந்து பாதி இழுத்துத் திறந்தேன். கார்டை உருவி, அதன் மஞ்சள் பற்களை மகளின் அழிரப்பரால் தேய்த்து, திரும்ப அழுத்தினேன். அவசரத்தில் கை எதில் பட்டதோ தெரியவில்லை. பெட்டியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டேன். கீ... கீ... கீ... என்று பெட்டி கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

இதுவரை இணையம்தான் இல்லை. இப்போது கம்ப்யூட்டரே இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வளைவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் நாய்க்குட்டிக்குக் கட்டுப் போட்டதும், கன்றுக்குட்டி கழிந்தால் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும், அதிகாலை எழுந்து படித்ததும் எல்லாம் என் கையில் வந்து நின்று, நான் அதைக் கீழே போட்டுவிட்டேன் என்று தோன்றியது. அதைவிட மோசமான எண்ணம் ஒன்றும் வந்தது. இனி அவள் எங்கும் போகமாட்டாள், வீட்டிலேயே இருப்பாள் என்ற எண்ணம். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. "கை பட்டா ரேம் லூசாயிருமுங்க, பெட்டி கத்தும். எடுத்து அழுத்திப் போட்டீங்கன்னா சரியாயிரும்." மறுபடி இழுத்தேன். அந்த நீளப் பட்டையை எடுத்து இரண்டு முனையிலும் அழுத்தினேன். விரல் கிழிந்தது. பெட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். உயிர் வந்தது. மணி நாலே கால். அந்தப் பெருக்கல் குறி அப்படியே இருந்தது.

பால்வாடி வேலை முடிந்து என் மனைவி குடையோடு உள்ளே வந்தது அப்போதுதான்.

"ஏனுங்க, பூட்டியாச்சா?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் குடையை மடக்காமல் நின்றாள். "கை பூராவும் ரத்தம்! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். எதை முதலில் சொன்னேன், எதைப் பிறகு சொன்னேன் என்று தெரியவில்லை.

"கார்டு போயிருச்சு. எல்லாம் போயிருச்சு."

"காத்தால நல்லாத்தானுங்க இருந்துச்சு? நான் போறப்ப புள்ள அனுப்புன போட்டோ இதுல வந்துச்சே."

"அப்ப மேஜை மேல இருந்துது. பனி அடிக்குதேன்னு பீரோல எடுத்து வெச்சேன்."

அவள் பீரோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் கூப்புட்டு எடுக்கலைன்னு சண்டைக்கு வந்தானே, ஞாபகம் இருக்குதுங்களா? போனு எங்கிருந்துச்சு?"

"எங்க?"

"இந்தப் பீரோலதானுங்க! ஈரம் ஆகக் கூடாதுன்னு நீங்கதான் வெச்சீங்க. ஏழு தடவ கூப்புட்டிருக்கான், ஒரு தடவகூட அடிக்கல. இரும்புக்குள்ள வெச்சுக் கதவையும் சாத்திப்போட்டு, காத்துல வர்றது எப்படிங்க உள்ள போகும்? நாம சொல்லிச் சொல்லிக் கூப்புடுறதுக்கு அது என்ன பூனையா?"

நான் எழுந்தேன். இருவருமாகப் பெட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தோம். அவள் ஒயர்களைப் பிடிக்க நான் மாட்டினேன். மடக்கியிருந்த கொம்புகளை நிமிர்த்தினேன். சுவிட்சைப் போட்டேன். விசிறி விரிந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு. மணி நாலு முப்பத்தெட்டு.

அவள் அழுதாள். எனக்கு அழ நேரமில்லை.

கெமிஸ்ட்ரி நோட்டைப் பார்த்து ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தேன். ஒரு முறை தப்பு. மறுபடி. பக்கம் மெதுவாக இறங்கி வந்தது. மகளின் போட்டோ, கீழே பட்டியல். சென்னை, நாமக்கல், பிறகு மற்றவை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மேலேயும் கீழேயும் நகர்த்த இரண்டு சின்ன அம்புகள். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மேல் அம்பை ஒரு தடவை அழுத்தினால் போதும். அவள் பஸ்ஸில் இருக்கிறாள். அவசரத்தில் மாறிவிட்டது என்று சொல்லிவிடலாம். எத்தனை நாள் அந்த அம்பை மனசில் அழுத்தியிருப்பேன். கை அதன் மேல் போய் நின்றதை மறைக்கப் போவதில்லை.

"இன்னும் என்னங்க பாக்கறீங்க?" என்றாள் மனைவி பின்னாலிருந்து. அவள் தெரிந்துதான் கேட்டாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கீழே இறங்கி, பூட்டும் பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். திரையில் வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

கரண்ட் போனது.

திரை கறுத்தது. பீரோவுக்குள் எப்போதும் தெரியும் மஞ்சள் வெளிச்சமும் இல்லை. மேட்டில் பகலிலும் எரியும் டீச்சர் வீட்டு வாசல் விளக்கும் அணைந்திருந்தது. பூட்டியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடியது. ஐந்து அடிக்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்த பிறகும் பார்த்தோம். மனைவி ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டாள். இரண்டு டம்ளரும் ஆறிப் போயின.

ஆறரைக்குப் பாதையில் செருப்புச் சத்தம். மகள். மரத்தை வெட்டி எடுத்து வண்டிகளை விட்டிருக்கிறார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, புதுக் கண்ணாடியில் பனி படிந்து, வாசலிலேயே நின்றாள். நான் எழுந்து நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"குன்னூர் வந்ததுமே மெசேஜ் வந்துச்சுப்பா," என்றாள். "பூட்டியாச்சுன்னு. வரிசையும் அதுலயே போட்டிருந்தாங்க. பஸ்ஸுல மூணு தடவ படிச்சுப் பாத்தேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"அதுவரைக்கும் நீங்க மாத்தீருப்பீங்கன்னே நெனச்சுட்டு வந்தேங்கப்பா."