பூக்காம்பும் சாணமும்

என் மனைவியின் எருக்குழியில் மீன் கழிவைப் புதைத்தவன் நான். அந்தப் பழி அடுத்த வீட்டு அக்காமேல் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தவனும் நான்தான். இத்தனை வயதுக்குப் பிறகு இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் திருப்போரூரில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். என் மனைவி கோயிலுக்கு மாலை கட்டும் சைவக் குடும்பத்துப் பெண். அவள் பிறந்த வீட்டில் மிஞ்சும் காம்பு, நார், வாடிய பூ எல்லாம் கூடையில் எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். அதைக் குழியில் பரப்பி, மேலே சாணம் கரைத்து ஊற்றி, மண் தூவி, மறுபடி பூக்காம்பு என்று அடுக்குவாள். நன்றாக மக்கியதும் தக்காளிக்கு வைப்பாள். வேறு எந்த உரமும் போடமாட்டாள்.

சாணம் கிளுவை வேலிக்கு அந்தப்பக்கத்து அக்காவுடையது. அவர்கள் உழவுக் குடும்பம், மாடு வைத்திருந்தார்கள். வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து உண்டு. அக்கா கூடையோடு அதில் நுழைந்து வருவார்.

"இன்னா தங்கச்சி, பூவும் சாணமும் போட்டுகினே கீற. காய்க்கிறது தக்காளியா, சாமி பிரசாதமா?"

"முதல்ல காய்க்கட்டும் அக்கா. உங்களுக்குத்தான் முதல் கூடை."

தன் வீட்டில் மீன் ஆய்ந்த நாளில் அக்கா அந்தச் சந்தைத் தாண்டமாட்டார். யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. என் மனைவிக்காக அவராகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. என் மனைவியும் மீன் சமைக்கும் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சந்துக்கு இந்தப்பக்கம் நின்றே இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

முதல் வருஷம் செடி வெளிறிப்போய், காய் கோலிக்குண்டு அளவில் நின்றது. பூ எருவில் சத்துப் போதாது, மீன் உரம் வேண்டும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன்.

"உங்க புத்தகத்துல எல்லாம் இருக்கும். குழியைக் கிளறக் கை மட்டும் இருக்காது" என்றாள்.

பள்ளியில் வேறு, கைமுட்டி அளவு தக்காளி கொண்டுவருகிறேன் என்று பெருமை அடித்திருந்தேன். அடுத்த முறை குழி நிரப்பியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் நெம்மேலிக் குப்பத்துக்குப் போய், ஒரு சாக்கு மீன் தலையும் குடலும் வாங்கிவந்தேன். அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். குழியில் புதைத்து மேலே காம்பைப் பரப்பிவிட்டேன். அவளுக்கு உதவி செய்வதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் பேச்சு ஜெயிக்கவேண்டும் என்பதுதான் உண்மை.

மழை பெய்து நாற்றம் கிளம்பியது. தெருநாய் ஒன்று குழியைத் தோண்டி எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டது. காலையில் மீன் தலைகளைப் பார்த்த என் மனைவி வேலிச் சந்தில் போய் நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக் கழிவைப் போட வேற இடமே கிடைக்கலையா?"

"இன்னா சொல்ற நீ? எங்க வூட்டு முள்ளு எங்க வூட்டுப் பூனைக்கே பத்தல. உன் குழிக்கு எங்கேர்ந்து வரும்?"

"அப்ப வானத்துலேர்ந்து விழுந்ததா?"

அக்கா குரலை இறக்கிக் கேட்டார். "மீனு ஆய்ஞ்ச நாள்ல இந்த வேலியாண்ட வந்துகீறேனா நான்? நீயே சொல்லு."

நான் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் பல்பொடி இருந்தது. கொப்பளித்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொப்பளித்துவிட்டு உள்ளே போனேன்.

சாணம் நின்றது. பேச்சும் நின்றது. அந்த வருஷம் எரு இல்லாமல் வெறும் மணலில் நட்ட நாற்று அப்படியே கருகியது. மார்கழியில் அக்காவின் பசு கன்று போட்டது. எப்போதும் முதல் சீம்பால் எங்களுக்குத்தான் வரும். என் மனைவி பாத்திரத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்றாள். வெகுநேரம் நின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"அதான் அன்னிக்கி அப்படி கொப்பளிச்சிகினு இருந்தியா, வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார்.

பழைய குழியை நானே அள்ளிக் காலி செய்தேன். புதுக் குழி வெட்டினேன். ஒரு வாரம் கழித்து வேலிச் சந்தில் ஒரு கூடை சாணம் இருந்தது. அக்காவைக் காணோம். அதன்பின் அடிக்கடி கூடை வந்தது, அவர் வரவில்லை. கரைத்து ஊற்றியது, கிளறியது எல்லாம் நான். என் மனைவி தள்ளி நின்று, "இன்னும் சூடு தணியலை, இப்ப வெச்சா வேர் வெந்துபோகும்" என்பதுபோல வேலையை மட்டும் சொல்வாள்.

அடுத்த வருஷம் தை மாதம் தக்காளி பழுத்தது. கோலிக்குண்டு அளவு இல்லை, கைமுட்டி அளவும் இல்லை. அவள் முதல் கூடையை எடுத்துக்கொண்டு வேலிச் சந்தில் நுழைந்து அந்தப்பக்கம் போனாள். அக்கா கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வராத தங்கச்சி, மீனு கீது!"

"இருக்கட்டும் அக்கா" என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தக்காளி குழம்பில் கொதித்து இறங்கும்வரை அவள் அங்கேயே இருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும். திரும்பி வந்தவள் குளிக்கவில்லை. கைகால் மட்டும் கழுவிக்கொண்டு விளக்கேற்றினாள். என்னிடம் பழையபடி பேச அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.