என் பின்னலுக்கு அவள் பெயர்

தேவிகுளத்தில் தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பின், அறுபத்தாறாம் அகவையில், குரோஷே என்னும் கொக்கியூசிப் பின்னலில் எனக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. ஆயினும் ஆடவன் பின்னுவதா என நாணி, விருந்தினர் வந்தால் நூலை மறைத்து, "இல்லாளின் கைவேலை" என்பேன். தேயிலை கிள்ளியே ஓய்ந்த என் மனைவியோ பின்னல் அறியாதவள்.

சென்ற மாதம், அவள் தவறாது சென்றுவந்த மகளிர் கூட்டத்தில், அவள் போர்த்தியிருந்த, நான் பின்னிய சால்வையைக் காட்டி, அதைக் கற்பிக்குமாறு பெண்கள் அவளை வேண்டினர். உடன் சென்றிருந்த என் முகத்தை அவள் நோக்கினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஊசி பிடிக்கத் தெரியாமல் அவள் விரல்கள் தடுமாறின.

"கொழுந்து கிள்ளுன வேகத்தக் காணலியே அக்கா! சால்வையக் கடையில வாங்குனீகளா?" என்றாள் ஒருத்தி. அனைவரும் நகைத்தனர்.

"கை மரத்துப் போச்சு தாயி" என்று அவள் என்னைக் காத்தாள்.

வீடு திரும்புகையில், "உங்க மானத்தக் காப்பாத்திட்டேன். என்னோடது போச்சே" என்றாள்.

மறுநாளே அம்மகளிர்முன் உண்மையை ஒப்புக்கொண்டு, பின்னிக் காட்டினேன். இப்போது வாயிலருகே அமர்ந்தே பின்னுகிறேன். எவரும் வினவுமுன், "நான் பின்னியது" என்கிறேன். அவள் மட்டும் அக்கூட்டத்திற்கு இன்னும் செல்லவில்லை.