ஜவாஹிரின் ரத்தப் பரிசோதனை

ஹுஃபூஃப் என்ற அரபு நகரத்தின் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஜவாஹிருக்கு முப்பத்தோரு வயது. நல்லவள்தான், ஆனால் வஞ்சம் வைத்தால் வைத்ததுதான். குறை சொல்பவர்கள் முழுக்கதையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ராகான் என்பவனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் ரத்தப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும், அரசு விதி. ஜவாஹிர் திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். முடிவு அவள் கைக்கு வருமுன்னே, வியாழக்கிழமை, ராகானின் அம்மா போனில் சம்பந்தத்தை முறித்துவிட்டாள். "உங்க பொண்ணுக்கு அரிவாள் செல் நோயாமே!"

அவளுக்கு நோயே இல்லை. பரம்பரையாக வரும் அந்த ரத்தநோயின் கூறு மட்டும் இருந்தது. மாப்பிள்ளைக்கும் அது இருந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்து. அந்த மகராசன் இன்னும் ரத்தமே கொடுத்திருக்கவில்லை! ஊர் அவளை நோயாளியாக்கி மூலையில் உட்காரவைத்தது. அடுத்து வந்த இரண்டு வரன்களும் வாசலோடு திரும்பின.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டாள்: என் ஃபைலைத் திறந்து பார்த்தவர்கள் யார் யார்? மழுப்பினார்கள். மேலிடத்துக்குப் புகார் போனதும் பட்டியல் தானாக வந்தது. டாக்டர், ஆய்வுக்கூடக்காரர், மூன்றாவதாகப் பதிவு ஜன்னலில் உட்காரும் ஹுஸ்ஸா. ஜவாஹிரின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை.

ஜவாஹிர் சின்னம்மாவின் பெயர் போட்டே அடுத்த புகாரைக் கொடுத்தாள். நிரூபணமானால் வேலை போகும், சிறையும் உண்டு.

ஒரு வாரத்தில், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், ஹுஸ்ஸா வந்தாள். அம்மா ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். ஏதாவது கேட்டு வந்தவர் அது கிடைக்கும்வரை காபியைத் தொடமாட்டார், அந்த ஊர் வழக்கம். அப்படி உட்கார்ந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் வீட்டுக்கே இழுக்கு.

"நம்ம வீட்டுப் பொண்ணோட ஃபைலுதானேன்னு பார்த்தேன்டி. ராகானோட அம்மா துருவித் துருவிக் கேட்டா, வாய் தவறி வந்துருச்சு. புகாரை வாபஸ் வாங்குறேன்னு சொல்லு, குடிக்கிறேன்."

"வாய் தவறிச்சா? ரெண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்து, 'எந்தப் பாவி சொன்னாளோ'ன்னு அழுதீங்களே சின்னம்மா, அது எந்த வாய்?"

ஹுஸ்ஸா காபியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"சரின்னு சொல்லிடு மகளே, காபி ஆறுது" என்று அம்மா கெஞ்சினாள்.

ஜவாஹிர் குனிந்து அந்தக் காபியை எடுத்தாள். ஒரே மடக்கில் தானே குடித்தாள்; வாபஸ் கிடையாது.

"பயப்படாதீங்க சின்னம்மா. நீங்க இங்க வந்து கெஞ்சினதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அது உங்க சொந்த விஷயம்."